முதல் புத்தகம் மட்டும்

துப்பறியும் கதை படிக்கலாமென்று இருக்கிறேன், எங்கே தொடங்குவது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். தொடரின் முதல் புத்தகத்தில் தொடங்குங்கள் என்பேன். எந்தத் தொடரின் முதல் புத்தகம் யாருக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுவேன். இரண்டாவது எப்படி என்று மட்டும் என்னிடம் கேட்கக் கூடாது. நான் படித்தவை எல்லாமே முதல் புத்தகங்கள். போனில் உள்ள செயலியில் முதல் புத்தகத்தைச் சும்மா கொடுப்பார்கள், அடுத்ததற்குக் கார்டு கேட்பார்கள். கார்டு என் வீட்டுக்காரருடையது, ஓடிபியும் அவர் போனுக்குத்தான் போகும். ஒரே ஒரு தடவை கேட்டேன். "அதான் ஒண்ணு படிச்சாச்சுல்ல. அடுத்ததுலயும் அதே பொம்பளதான கண்டுபிடிக்கப் போறா?" என்றார். அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. மறுபடி நான் கேட்கவில்லை.

இவற்றை ஆங்கிலத்தில் கோஸி மிஸ்டரி என்கிறார்கள். கதகதப்பான மர்மம் என்று மொழிபெயர்த்தால் மதுரை வெயிலில் யாரும் கிட்டே வரமாட்டார்கள். கொலை நடக்கும், ஆனால் ரத்தத்தைக் காட்ட மாட்டார்கள். செத்துப்போனவருக்காக அழ ஆள் இருக்காது, ஊரிலேயே பொல்லாதவராகப் பார்த்துத்தான் சாகடிப்பார்கள். கண்டுபிடிப்பது போலீஸ் இல்லை. கேக் கடைக்காரி, பின்னல் வகுப்பு நடத்துகிறவள், பழைய புத்தகக் கடை வைத்திருப்பவள், இப்படி யாராவது. கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். படித்து முடித்தால் உலகம் ஒழுங்காக இருப்பது போல ஒரு நினைப்பு வரும். எனக்கு அது தேவையாக இருந்தது.

எங்கள் வீடு நாகமலை புதுக்கோட்டையில். வீட்டுக்காரர் பக்கத்திலேயே பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். நான் திருமங்கலத்தில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தபோது லீவு போட்டேன். ஆபரேஷன் முடிந்தும் அவர் நடக்கவில்லை. லீவும் முடிந்தது. அத்தை எழுந்து நடக்கும்வரைக்கும்தான் என்று சொல்லிக்கொண்டு வேலையை விட்டேன். மூன்று வருடம் ஓடிவிட்டது.

ஹாலில் ஜன்னலோரம் அவருக்குக் கட்டில் போட்டோம். அங்கிருந்து பார்த்தால் வாசல் கேட் தெரியும். கறிவேப்பிலை வாங்கக் கேட்டைத் திறந்தால்கூட, "எப்ப வருவ?" என்று கேட்பார். அதட்டலாகக் கேட்டால் பதிலுக்கு நானும் சண்டை போட்டிருப்பேன். பயந்துபோய்க் கேட்பார். மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்து, பிரம்பைத் தொடாமலே வகுப்பை நடுங்கவைத்தவர் அவர். ஒருநாள் கடையில் கூட்டமாக இருந்து நான் வரத் தாமதமானதில் படுக்கை நனைந்துவிட்டது. நான் துணி மாற்றி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். பகலுக்கு ஆள் வைத்துப் பார்த்தோம், ஒன்றுக்கு இரண்டு பேர். வேற்றுக் கை தன் மேல் படுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. இரண்டு பேரையும் அவரே அனுப்பிவிட்டார். அப்புறம் நான்தான். என்னை யாரும் கட்டிப்போடவில்லை. ஆனாலும் கேட்டுக்கு அந்தப் பக்கம் என்னால் போக முடியவில்லை.

ஆக, கையில் போனை வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். அத்தைக்குக் கண் மங்கல். எங்கள் சபையில் இப்போதெல்லாம் பாதிப்பேர் போனில்தான் வேதம் வாசிக்கிறார்கள். காலையும் மாலையும் மருமகள் போனைப் பார்த்துத் தலை குனிந்திருப்பதை அவர் வேத வாசிப்பு என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. அவர் கேட்கவுமில்லை, நான் பொய் சொல்லவுமில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். அத்தையால் கோயிலுக்குப் போக முடியாததால் கூட்டம் கட்டிலைத் தேடி வந்துவிட்டது. அங்கே அவர், "எம் மருமக எந்நேரமும் வேதமும் கையுமாத்தான் இருக்கா" என்று சொல்லிச் சொல்லி, நான் ஊருக்கே பக்தையாகிப்போனேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு வியாழக்கிழமை போதகரின் மனைவி என் பக்கம் திரும்பி, "இப்ப எந்தப் புஸ்தகம் வாசிக்கிறம்மா? எங்களுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லேன்" என்று கேட்டார்.

ஏதாவது ஒரு சங்கீதத்தைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். மூன்று வருடத்துக் கடுப்பு அன்றைக்கென்று நாக்கில் வந்து உட்கார்ந்தது. "ஒரு கேக் கடைக்காரம்மா கதை. அவங்க கடைக்குப் பின்னாடி ஒரு ஆளு செத்துக் கிடக்கான். யாரு கொன்னதுன்னு பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.

பக்கத்து வீட்டுத் தையல் டீச்சர் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"யாரு கொன்னது?"

"இன்னும் முடிக்கலக்கா."

"முடிச்சதும் சொல்லு. சொல்லாம விட்டுறாத."

மானம் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. அடுத்த வாரம் ஜெபம் முடிந்ததும் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் கேட்டது கொலைகாரனைத்தான். அப்புறம் ஆளாளுக்கு ஒரு புத்தகம் கேட்டார்கள். ஆங்கிலம் வாசிக்கிறவர்களுக்குப் போனில் இறக்கிக் கொடுத்தேன், வாசிக்காதவர்களுக்கு வாயால் சொன்னேன். தையல் டீச்சருக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற பெண்கள் துப்பறியும் தொடர். பிள்ளைகளோடு கோபித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு முதியோர் விடுதியில் நடக்கிற கதை. போதகரின் மனைவிக்குக் கிராமத்துக் கோயிலில் ஆர்கன் வாசிப்பவரைப் பற்றியது. அதில் காணிக்கைப் பெட்டியைத் திருடுகிறவர் சபைக் கமிட்டி ஆள். போதகரின் மனைவி அதை ரசித்துப் படித்தார்.

புத்தகம் சொல்வதில் எனக்கு இரண்டு விதிகள் உண்டு. முதல் அத்தியாயத்திலேயே ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றுகிற கதையை யாருக்கும் சொல்ல மாட்டேன். பூனை துப்புக் கொடுக்கலாம், பேசக் கூடாது.

அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தக் கேக் கடை என்னாச்சு?" என்றார். அன்றிலிருந்து தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்துக் காட்டினேன். கேட்பதில் கெட்டிக்காரர். பாதியிலேயே கொலைகாரனைப் பிடித்துவிடுவார். "ரொம்ப நல்லவனாட்டம் சும்மா சும்மா வந்து உதவி பண்றான் பாரு, அவன்தான்" என்பார். பெரும்பாலும் அவன்தான். அந்த மத்தியானங்களில் எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறைத்தது. முதல் புத்தகம் எதுவாக இருந்தாலும் ஒரு பெண் ஒரு ஊரை விட்டுக் கிளம்புகிறாள். வேலை போயிருக்கும், அல்லது புருஷன் போயிருப்பான். வயது நாற்பதுக்கு மேல். எங்கோ ஒரு சித்தி தன் கடையை அவள் பெயருக்கு எழுதி வைத்திருப்பாள். ஒரு பெட்டியோடு போய் இறங்குவாள். எனக்கும் மேலூரில் ஒரு சித்தி இருக்கிறார். அவரிடம் இருப்பது மூன்று ஆடும் ஒரு வரப்புத் தகராறும். ஆனாலும் அந்தப் பெண் பெட்டியோடு இறங்குகிற பக்கத்தை நான் இரண்டு மூன்று தடவை படிப்பேன். கொலையைவிட அந்தப் பக்கத்துக்காகத்தான் நான் அடுத்த தொடரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் கோடை விடுமுறையில் என் பழைய பள்ளியின் தலைமையாசிரியை போன் செய்தார். ஆங்கிலத்துக்கு ஆள் வேண்டும், ஜூனில் வந்து சேர முடியுமா, வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்றார். எனக்கு அந்த வேலை வேண்டும். காலைப் பஸ், சாக்பீஸ் தூசி, பிள்ளைகள் போடுகிற சத்தம், எல்லாமே வேண்டும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அம்மாகிட்டப் பேசு" என்று ஒதுங்கிக்கொண்டார். அத்தையிடம் சொன்னேன். பகலுக்கு மறுபடியும் ஓர் ஆளை வைக்கலாம், நானே தேடிப் பிடித்துப் பழக்கிவிடுகிறேன் என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பாப்போம்" என்றார்.

வியாழக்கிழமை கூட்டத்தில் வழக்கம்போல ஜெபக் குறிப்பு கேட்டார்கள். ஒருவர் மகளின் பிரசவத்தைச் சொன்னார், ஒருவர் சர்க்கரையைச் சொன்னார். அத்தை, "எம் மருமகளுக்கு வேல வந்திருக்கு. ஆண்டவர் சித்தம் என்னன்னு ஜெபிச்சுக்கங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

போதகரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கினார். நல்ல மனசுக்காரர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. "ஆண்டவரே, இந்த வீட்டுல உம்முடைய பிள்ளையை ஒரு சாட்சியா வச்சிருக்கீரே, ஸ்தோத்திரம். வாராவாரம் எங்களுக்கு நல்ல நல்ல புஸ்தகங்களச் சொல்றாளே, இந்த ஊழியத்த வீட்டுக்குள்ளயே அவளுக்குக் கொடுத்தீரே, ஸ்தோத்திரம். வெளிய போகணும்ங்கிற நெனப்ப நீரே மாத்திப் போடும் ஆண்டவரே" என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்கள் வீட்டில் பிள்ளையார் பிடிக்கிற பழக்கம் இல்லை, குரங்கு மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. தப்பிப்பதற்காகப் படித்த கதைகளைக் கொண்டே எனக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. அவர் அதை என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரோடு பேசும்போது நடுவில் புகுந்து, இல்லை, அப்படி இல்லை என்று எங்களில் யாரும் சொன்னதில்லை. சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

ஜெபம் முடிந்தது. எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் ஆமென் என்றேன். பிறந்ததிலிருந்து பழகிய வாய், என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

அவர்கள் போன பிறகு டம்ளர்களைக் கழுவப் போட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தேன். அத்தை கூப்பிட்டார்.

"நான் ஆமென் சொல்லல. கவனிச்சியா?"

நான் கவனிக்கவில்லை.

"நீ சொன்ன. எங் காதுல விழுந்துச்சு. நீ ஏன் சொன்ன?"

"அம்புட்டுப் பேர் நடுவுல வேற என்னத்தச் சொல்லச் சொல்றீங்க?" என்று கத்திவிட்டேன். மூன்று வருடத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். அவர் கோபப்படவில்லை.

"எனக்கு நீ போறது வேணாம். அது நெசம். யாரோ ஒருத்தி வந்து என்னத் தொடுறத நெனச்சாலே கொமட்டுது. ஆனா அத ஆண்டவர் பேரால கேக்க எனக்கு வாய் வரல. போன்னு சொல்லவும் வாய் வரல. ரெண்டும் சொல்லல. நீ பாத்துக்க" என்றார்.

இத்தனை நாளும் சாவி அவரிடம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவரைத் திட்டிக்கொண்டு உள்ளேயே இருப்பது எளிதாக இருந்தது. இப்போது திட்ட ஆளில்லை. போனால் அவருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், போகாவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்றும் தெரியும். கதைகளில் அந்தப் பெண் கிளம்பும்போது அவளுடைய வீட்டுக் கட்டிலில் யாரும் படுத்திருப்பதில்லை. அத்தனை முதல் புத்தகம் படித்தும் நான் இதைக் கவனித்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அத்தைக்கு உடம்பு துடைத்து, தலை வாரி, கஞ்சி கொடுத்தேன். பிறகு ஹாலிலேயே நின்று, அவர் காதில் விழும்படி தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். சமையலறைக்குள் போய்ப் பேசியிருக்கலாம். அது திருட்டுத்தனமாகப் பட்டது.

"ஜூன்ல வாரேன் மேடம்" என்றேன்.

அவர் சந்தோஷமாக என்னென்னவோ சொன்னார். எந்த வகுப்பு என்றுகூட என் காதில் ஏறவில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அத்தை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார். தானாக அந்தப் பக்கம் புரள அவரால் முடியாது, முகம் மட்டும்தான் திரும்பியிருந்தது. தோள் குலுங்கியது. வகுப்பை நடுங்கவைத்த அந்த மனுஷி சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் அவர் தோளில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை. எனக்கும் அழுகை வந்தது. போன் இன்னொரு கையில் இருந்தது. திரும்பக் கூப்பிட்டு, வரவில்லை மேடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தையின் அழுகை அந்த நிமிடமே நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். நான் கூப்பிடவில்லை.