நாற்பது வாட் பல்பு

என் மேசை மேல் ஒரு பலகை இருக்கிறது. தேயிலைப் பெட்டியிலிருந்து பெயர்த்தெடுத்த பிளைவுட் துண்டு. அதில் இரண்டு பல்பு ஹோல்டர்கள், ஒரு சுவிட்ச், கறுப்பு டேப் சுற்றிய ஒயர். ஒரு ஹோல்டரில் நாற்பது வாட் பல்பு, மற்றதில் நூறு வாட். ஓரத்தில் நீலப் பேனாவால் 'தொடர் இணைப்பு' என்று எழுதியிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை, முதல் மணி அடிப்பதற்கு முன், மழை படாமல் துப்பட்டாவுக்குள் வைத்து இதைக் கொண்டுவந்தவள் எங்கள் பத்தாம் வகுப்பு லீடர். "ஒரு நிமிஷம் டீச்சர், ஸ்கூல் கரண்டுல இதைப் போட்டுப் பாத்துக்கிறேன்" என்றாள். நான் லேபில் கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "கரண்டோட வெளையாடாத கண்ணு. அலமாரியில வெச்சுட்டு மொதல்ல உன்ற பக்கத்த முடி" என்றேன். அவள் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மறுபேச்சு பேசுகிற பெண் இல்லை அவள்.

நான் மலைக்குக் கீழே, எல்லையோரத்து நல்லேப்பிள்ளி ஊர்க்காரி. தமிழ் டீச்சர் வேலை இடுக்கி மலையில், ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளியில் கிடைத்தது. என் 'உன்ற, என்ற' பேச்சைப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்த வருடம் தமிழ் மீடியத்துக்கு இயற்பியல் புத்தகத்தின் இரண்டாம் பகுதி வரவே இல்லை. மலையாளப் புத்தகம் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம். இயற்பியல் சாருக்குத் தமிழ் ஓரளவு பேச வரும், படிக்க வராது. பிள்ளைகளுக்கோ மலையாளம் பேச வரும், பாடப்புத்தக மலையாளம் பாதிதான் புரியும். பரீட்சைக்கு இரண்டு மாதம். வகுப்பில் பதினான்கு பேரும் எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுப் பிள்ளைகள், கொழுந்து பறிக்கிறவர்களின் பிள்ளைகள். லீடரின் அப்பா மட்டும் ஃபேக்டரியில் வயர்மேன். அவளுக்கு ப்ளஸ் ஒன்னில் சயின்ஸ் எடுக்க வேண்டும், பிறகு மின்சாரம் படிக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கிப் போய்ப் படிக்கிற பள்ளியில் சயின்ஸ் இடங்கள் கொஞ்சம்தான். ஒரு கிரேடு குறைந்தாலும் கிடைக்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போதுதான் விக்கி என்கிற யோசனை எனக்கு வந்தது. ஏதோ பயிற்சி வகுப்பில் காட்டியிருந்தார்கள். ஒருவர் எழுதிய பக்கத்தை இன்னொருவர் திறந்து திருத்தலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதெல்லாம் 'வரலாறு' என்ற பகுதியில் தானாகப் பதிவாகும். லேபில் ஓடுகிற ஐந்து கம்ப்யூட்டர்களில் அதை அமைத்தேன். மலையாளப் புத்தகத்தை ஆளுக்குச் சில பக்கமாகப் பிரித்துக் கொடுத்தேன். சார் வகுப்பில் சொன்னதையும் சேர்த்து அவரவர் தமிழில் எழுத வேண்டும், மற்றவர்கள் படித்துத் திருத்த வேண்டும். வராத புத்தகத்தை நாமே எழுதிவிடுவது என்று தலைகால் புரியாத உற்சாகம் எனக்கு. பிள்ளைகளுக்கும்தான். ஒரு வாக்கியத்துக்காக இரண்டு பேர் மூன்று நாள் பேசாமல் இருந்தார்கள். 'யார் தப்பைக் கண்டாலும் திருத்தலாம், எழுதியவர் கோபப்படக் கூடாது' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். "டீச்சர் எழுதுனதையுமா?" என்று ஒருவன் கேட்டான். "திருத்திப் பாரு, அப்புறம் தெரியும்" என்றேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் நான் தொட்ட ஒரு வரியைக்கூட யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. அதைப் பார்த்து, என் வரிகளில் தப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். கர்வம் என்றால் அப்படியொரு கர்வம்.

மின்சாரப் பாடம் லீடருடையது. நாற்பது வாட் பல்பையும் நூறு வாட் பல்பையும் ஒரே ஒயரில் ஒன்றன்பின் ஒன்றாக, தொடர் இணைப்பில் சேர்த்தால் நாற்பது வாட்தான் பிரகாசமாக எரியும் என்று எழுதியிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் லேபில் அதைப் படித்தேன். பெரிய பல்பு இருக்கும்போது சின்னது எப்படி அதிகமாக எரியும், பிள்ளை அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டது என்று நினைத்து, நூறு வாட் என்று திருத்தினேன். அதற்குப் பொருத்தமாக ஒரு காரணமும் எழுதினேன். லேபைப் பூட்ட நின்ற லீடர் அதைப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். ஸ்டாஃப் ரூமில் என் எதிர் நாற்காலி இயற்பியல் சாருடையதுதான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எல்லாப் பக்கங்களையும் பிரிண்ட் எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். அதைத்தான் பதினான்கு பேரும் மனப்பாடம் செய்தார்கள்.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. எது அதிகம் பிரகாசிக்கும், ஏன், நான்கு மதிப்பெண். வெளியே வந்தவர்கள் "நம்ம விக்கியில உள்ளது அப்படியே வந்துச்சு டீச்சர்!" என்று என்னைச் சூழ்ந்துகொண்டு குதித்தார்கள். சார் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்து, ஒவ்வொருவரிடமும் என்ன எழுதினாய் என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெரிய பல்பு, பெரிய பல்பு, பெரிய பல்பு. லீடரும் அதையே சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "டீச்சரே, பதினாலு பேருக்கும் ஒரே தப்பு வந்திருக்கல்லோ, எப்படி?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

அன்றைக்கே லேபைத் திறந்து வரலாற்றைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை என் திருத்தம் இருந்தது. திங்கட்கிழமை காலை, அந்தப் பலகையை அலமாரியில் வைக்கச் சொன்ன சற்று நேரத்தில், லீடர் அதை மறுபடி நாற்பது வாட் என்று மாற்றியிருந்தாள். இரண்டு நிமிடம் கழித்து அவளே திரும்ப நூறு வாட் என்று மாற்றியிருந்தாள். மாற்றத்துக்குக் காரணம் எழுதுகிற குறிப்புப் பெட்டியில் ஒரே வரி: 'டீச்சர் எழுதியதே சரி.' நான் அந்தத் திரையின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அந்த இரண்டு நிமிடமும் நான் அதே அறையில், அவளுக்கு மூன்று நாற்காலி தள்ளி நின்றிருந்தேன்.

மறுமதிப்பீட்டுக்கு எழுதிப் போட்டேன். தப்பு என்னுடையது, பிள்ளைகளுடையது இல்லை என்று ஆபீஸ் ஆபீஸாகப் போய்ச் சொன்னேன். ஒருவர் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாள்ல என்ன எழுதியிருக்கோ அதுக்குத்தானே டீச்சர் மார்க்கு" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். மற்றவர்கள் எப்படியோ ஒரு வழி பார்த்துக்கொண்டார்கள். லீடருக்கு இயற்பியலில் ஒரு கிரேடு குறைந்தது. ப்ளஸ் ஒன் இடம் ஒதுக்கிய மூன்று அலாட்மென்ட் பட்டியல்களிலும் விரலை வைத்து வைத்துத் தேடினேன். அவள் பெயர் இல்லை. லைன் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க நல்லதுக்குத்தானே டீச்சர் செஞ்சீங்க. அவளுக்குக் குடுத்துவைக்கல" என்று எனக்குப் பாலில்லாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார். நாலு திட்டு திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அடுத்த மாதம் லீடர் சித்தியோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள்.

இப்போது எனக்குச் சொந்த ஊர்ப் பக்கமே மாற்றல். இங்கேயும் ஒரு விக்கி வேண்டும் என்கிறார்கள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அலமாரியைக் காலி செய்தபோது எடுத்துவந்த பலகையை இரண்டு வருடமாகப் போட்டுப் பார்க்காமலேயே வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் நம்பரை வாங்கிப் பேசினேன். சாப்பிட்டீங்களா டீச்சர் என்றுதான் முதலில் கேட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "சரின்னு தெரிஞ்சும் எதுக்குக் கண்ணு மறுபடி மாத்துன?" என்றேன்.

"வீட்டுல போட்டுப் பாத்தப்ப சின்னதுதான் டீச்சர் நல்லா எரிஞ்சுச்சு. ஆனா எங்க லைன்ல எப்பவும் கரண்டு கம்மிதானே. அதான் எங்க வீட்டுல மட்டும் தப்பா எரியுதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

போனை வைத்துவிட்டுப் பலகையின் ஒயரைச் செருகினேன். நல்லேப்பிள்ளியில் கரண்டுக்கு ஒரு குறையும் இல்லை. சுவிட்சைப் போட்டேன். பெரிய பல்புக்குள் கம்பி மட்டும் லேசாகச் சிவந்தது. சின்ன பல்பு நன்றாக எரிந்தது.