அறை வாசலில் ஒரு கதிரை

அக்காவின் குழந்தை மாதம் நிறையாமல் பிறந்தது. ஆசுபத்திரியிலிருந்து அனுப்பும்போது டொக்டர் ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார். மாரி தொடங்குகிறது, சளிக்காய்ச்சல் பரவும், இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அதற்கான தடுப்பூசி போட முடியாது, ஆகவே தூக்குகிற ஆட்கள் எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கே போட்டேன். மறுநாள் அம்மாவையும் அத்தானையும் இழுத்துக்கொண்டு போனேன். மிஞ்சியது அப்பா.

அப்பா நாவற்குடாவில், வாவியில் வலை வீசுகிறவர்.

"இப்பதான் இறால் படுது. ஊசி போட்டா இறால் கிரந்தி, குத்தின இடம் புண்ணாகும் எண்டு கொம்மா அதக் கண்ணிலயும் காட்டமாட்டா" என்றார்.

நான் விடுவேனா? போனில் படம் போட்டுக் காட்டினேன். "இந்தக் கிருமி வருஷா வருஷம் உருமாறும் அப்பா, அதால ஊசியும் மாறும்" என்று உற்சாகத்தில் சொல்லியும்விட்டேன்.

"அப்ப அடுத்த வருஷமும் குத்தணும்?"

"ஓம்."

"அப்ப அடுத்த வருஷம் பாப்பம்." வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா வாதாடவில்லை. குழந்தையின் அறை வாசலில் ஒரு கதிரையைப் போட்டாள். "இதுக்கு அங்கால வரப்படாது அப்பா."

"நான் கட்டின வீட்டுக்குள்ள நான் வரப்படாதா?"

"கட்டினது நீங்கதான். கல்யாணத்துக்கு எழுதித் தந்தது எனக்கு."

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அதன்பிறகு அப்பா வாவியிலிருந்து வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, தூக்கப்போகிறவர் மாதிரி வந்து, அந்தக் கதிரையில் உட்கார்ந்தபடி எட்டிப் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை தன்னாமுனையிலிருந்து அத்தானின் அப்பா வந்தார். அவர் போன மாதமே ஊசி போட்டிருந்தார். அக்கா கதிரையை விலக்கினாள். மனிசன் உள்ளே போய்க் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

"மூக்கப் பாத்தீங்களா சம்மந்தி? அப்பிடியே என்ட மூக்கு!"

திங்கள் காலையில் அப்பா தோய்த்த சேர்ட்டோடு என் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்றார். "என்ன புள்ள, போவமா?"

டவுனில் ஒரு கிளினிக். "எந்தக் கையில போட ஐயா?" என்றார் தாதி.

"ரெண்டு கையும் வலைக்கு வேணும் மிஸ்."

"அப்ப காலில போடவா?"

"கால் தோணிக்கு வேணும்."

தாதி சிரித்துக்கொண்டே இடது கையில் குத்திவிட்டார். அப்பா சேர்ட்டை இழுத்துவிட்டபடி, "இனிப் போய்ப் பிள்ளையத் தூக்கலாந்தானே?" என்றார்.

"ரெண்டு கிழமை, பதினாலு நாள் போகட்டும் ஐயா. ஊசி வேலை செய்ய அவ்வளவு நாள் எடுக்கும்."

அப்பா என்னைத்தான் பார்த்தார். கிருமியின் சரித்திரமெல்லாம் சொன்ன நான் இதைச் சொல்லியிருக்கவில்லை.

அந்த இரண்டு கிழமையும் அவர் பிடித்த இறாலை, பத்தியம் முடிந்த நாங்கள் தின்றோம். அவருக்கு அம்மா பருப்பும் முருங்கைக்காயும் கொடுத்தாள். கதிரையும் வாசலிலேயே கிடந்தது.

பிறகு ஒரு பின்னேரம் அக்காவே அதை எடுத்து வைத்தாள். அப்பா உள்ளே வந்து, நோவு எப்போதோ போய்விட்ட இடது கையைப் பாரம் படாமல் ஒதுக்கி, வலது கையில் குழந்தையை ஏந்தினார். முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"மூக்க விடு புள்ள. காதப் பார், என்ட காது."

பார்த்தேன். எனக்கு எல்லாக் காதும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஓம் என்றேன்.

கொஞ்சம் பொறுத்து, குழந்தை எழும்பிவிடாமல் மெல்லக் கேட்டார்:

"அடுத்த வருஷம் சம்மந்தி எப்ப ஊசி போடப்போறாராம்?"