எங்கள் பானையில் நவ்ரூஸ்

உஸ்பெகிஸ்தானில் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு அரச விடுமுறை. டென்மார்க்கில் அது வேலைநாள். அதனால் என்னோடு படிக்கும் உஸ்பெக் தோழி ஞாயிற்றுக்கிழமைதான் முளைக்கோதுமைக் களி கிண்டினாள். எங்களிடம் பெரிய பானை இருக்கிறதென்று அல்பர்ட்ஸ்லுண்டிலுள்ள எங்கள் வீட்டுக்கு அவளை இழுத்துவந்தது நான்தான். அவள் தனியாகக் கிண்டுவது முதல் தடவை. அடிப்பிடித்துவிடுமோ என்று பயந்துகொண்டேயிருந்தாள்.

அவள் போன் பேசப் போனதும் அம்மா அகப்பையை எடுத்தா.

"பிள்ளை கோதுமையை அரிக்கேல்லைப் போல, எவ்வளவு கல்லு," என்று பொறுக்கிச் சிங்குக்குள் போட்டா.

திரும்பி வந்த தோழி பதறிப்போனாள். அடிப்பிடிக்காமல் இருக்க அவளே கழுவிப் போட்ட கற்களாம். அதுதான் அவர்கள் வழக்கமாம்.

"முதலே சொல்லக்கூடாதோ எண்டு கேள்," என்று என்னை அதட்டியபடி, அம்மா கற்களைக் கொதிநீரில் கழுவித் திரும்பப் போட்டா. பின்னேரம்வரை அகப்பையை விடவேயில்லை.

களியை வழித்தெடுத்த பிறகு, தோழி வீடியோவில் தன் தாய்க்குப் பானையின் அடியைக் காட்டினாள். கருகவேயில்லை.