எடை ஏறாத இலை

அடுத்தவர் கணினியில் இடம் பிடித்து, மூன்றாமவர் தொழிலை ஓட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இதே பிழைப்பில் மாட்டியிருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முயல்கூண்டைக் கொடுத்து யானையைக் கட்டச் சொல்வார்கள்.

இலவசத் திட்டம்

தேயிலை விலை பாதாளத்தில் கிடந்த காலம். குன்னூரில் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கும் ஒரு ஃபேக்டரிக்குச் செயலி செய்து கொடுத்தேன். ஊர் ஊராக லாரி போகும். இலையை எடை போட்டு கிளார்க் போனில் பதிவார். விவசாயிக்குக் குறுஞ்செய்தி போகும். இதெல்லாம் கிளவுடில், அதாவது ஏதோ ஒரு கம்பெனி வாடகைக்கு விடும் கணினியில், இலவசத் திட்டத்தில். நினைவகமும் குறைவு, தகவல் சேர்க்கும் இடமும் குறைவு, மீறினால் நின்றுவிடும், காசு கட்டிப் பெரிய திட்டம் வாங்குங்கள் என்று ஃபேக்டரி முதலாளியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். கோயமுத்தூர்க்காரர். சிரித்தார்.

“ஏனுங்க அம்மிணி, கண்ணுக்கே தெரியாத எடத்துக்கு எதுக்குங்க வாடகை?”

ஒரே அமுக்கு

ஃபேக்டரி மேனேஜருக்கு எல்லா ஊர்க் கணக்கும் ஒரே அமுக்கில் வேண்டும். அமுக்குவார், மொத்தப் பதிவும் நினைவகத்தில் ஏறும், அளவு மீறியதென்று செயலியை கிளவுட் சாகடிக்கும். அது மெல்ல எழுந்து உட்காரும். மறுபடி அமுக்குவார். இந்தக் கொலை ஒரு முழுக் காலையும் நடந்தது. ஊர் ஊராக எடுங்கள், வரும் என்றேன்.

“நான் மேனேஜருங்க. ஊர் ஊராப் போறது லாரி டிரைவர் வேலை.”

பூஜைப் படம்

இலை உலர்த்தும் புது டிரையருக்குப் பூஜை போட்டார்கள். இலை வாங்கவே தயங்கிய நேரத்தில் அதற்கு நாதஸ்வரம் வேறு. அந்த வீடியோவை மேனேஜர் எடைக் கணக்கு இருந்த இடத்திலேயே ஏற்றிவிட்டார். இடம் நிரம்பிவிட்டது. மதியம் இத்தலார் என்ற ஊரில் எடை பதியவில்லை. பதியாத இலையை ஏற்றக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. கிளார்க் கையைக் கட்டி நின்றார். மாதி அக்கா என்ற விவசாயி எனக்கே போன் போட்டார். விடிந்ததிலிருந்து தானே பறித்த இலை, சாக்குக்குள் வெந்துகொண்டிருந்தது. இடம் நிரம்பிப்போச்சு அக்கா என்றேன்.

“எங்கம்மா நெறஞ்சுது? லாரி காலியாத்தானே நிக்குது!”

அழித்தது

பழைய எடைப் பதிவுகளை அழித்து இடம் பண்ணச் சொன்னார் மேனேஜர். ஃபேக்டரி எடையில் பிடித்தம் போட்டதாக அப்போதுதான் விவசாயிகள் சண்டையில் இருந்தார்கள். அவர்கள் கையில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பதிவுதான். முடியாது என்று போனை வைத்தேன். வீடியோவைத்தான் அழித்தேன். எடை பதிந்தது, லாரி கிளம்பியது. அடிச் சாக்கு இலை மட்டும் வெந்து சிவந்து, ஃபேக்டரிக்கு ஆகாமல் போயிருந்தது. மாதி அக்கா அதைத் தன் செடிகளுக்கே கொட்டிவிட்டுப் போனாராம். மறுநாள் முதலாளி கூப்பிட்டார். இலையைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

“பூஜையப் போயி அழிச்சுப்போட்டீங்களே, தொழில் வெளங்குமாங்க?”

பச்சை இலைக்காக நான் கெஞ்சியும் வாங்காத பெரிய திட்டத்தை, நாதஸ்வரத்துக்காக அன்றைக்கே வாங்கிவிட்டார்கள்.