சொல்லடைவுக்காரங்க சங்கம் ஒரு வாசகரைத் தேடின கதை

புஸ்தகத்தைக் கடைசிப் பக்கத்துலேருந்து தொறக்குற ஜனங்க ரெண்டு வகை: கொலைகாரன் யாருன்னு தெரியுற வரைக்கும் பொறுக்க முடியாதவுங்க ஒண்ணு, எங்கள மாதிரி சொல்லடைவு போட்டுப் பொழைக்கிறவுங்க இன்னொண்ணு. தடி புஸ்தகத்துக்குப் பின்னாடி அகர வரிசையில பேரும், அதுக்கு நேரா பக்க எண்ணும் வரிசை கட்டி நிக்குமே, இண்டெக்ஸுன்னு சொல்லுவாங்களே, அதைப் போடுறதுதான் எங்க தொழில். புதுச்சேரியில வெளிநாட்டுப் புஸ்தகங்களுக்கு அச்சு வேலை பாக்குற கம்பெனிங்க இதை வீட்டுலேருந்தே செய்யக் குடுத்தாங்க. சிதம்பரம், கடலூர் பக்கம் ஒன்பது பேர் செஞ்சுக்கிட்டிருந்தோம்.

ஒன்பது பேர் சேர்ந்தா என்ன ஆகும்? சங்கம் ஆகும். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம "ஆரம்பிச்சா என்ன?"ன்னு கேட்டது நான். அதனால தலைவியும் நான்தான். நீங்களும் எப்பவாவது ஒரு குடியிருப்போர் சங்கத்துக்கோ மகளிர் குழுவுக்கோ தலைமை தாங்கித் தலைவலி வாங்குனவுங்களா? அப்போ வாங்க, பக்கத்துல உக்காருங்க. இது உங்களுக்குத்தான்.

அச்சடிக்கும்போது அதுவா

சங்கத்தைப் பதிவு பண்ண ரெண்டாயிரத்து அஞ்சுல கடலூருக்குப் போனேன். ஒரு ஆபீசுல, கண்ணாடியை நெத்தி மேல ஏத்தி விட்டுக்கிட்டு ஒரு கிளார்க் உக்காந்திருந்தாரு. "என்னா சங்கம்?"னாரு. சொன்னேன். "சரி, என்னா வேலை செய்வீங்க?"ன்னாரு. அதையும் சொன்னேன். பேனாவைக் கீழ வெச்சிட்டு என்னையே பாத்தாரு.

அவரு மேசையில ஒரு தடியான விதிமுறைப் புஸ்தகம். எங்களுக்கு எந்த விதி பொருந்தும்னு பக்கம் பக்கமாப் புரட்டித் தேடிக்கிட்டிருந்தாரு. என் கை சும்மா இருக்குமா? புஸ்தகத்தைத் திருப்பி, கடைசியில இருந்த அடைவுல "சங்கங்கள், பதிவு"ங்குற வரியைக் காமிச்சேன். அந்தப் பக்கத்துக்குப் போனாரு. விதி அங்க இருந்துச்சு. மறுபடி பின்னாடி வந்து வேற ஒரு வார்த்தையைத் தேடினாரு. அதுவும் இருந்துச்சு. புதுப் பொம்மை கெடச்ச புள்ளையாட்டம் முன்னாடியும் பின்னாடியும் போய் வந்துட்டு நிமிர்ந்தாரு. "இதுக்கு ஆள் வெச்சா செய்யிறாங்க? அச்சடிக்கும்போது அதுவா வந்துடும்னுல்ல நெனச்சேன்!"

நன்றியுரைக்கு அப்புறம் வரவேற்புரை

முதல் பொதுக்குழுவை சிதம்பரம் மேல வீதியில ஒரு டியூஷன் சென்டர் மாடியில வெச்சோம். நாலு வரிசை பெஞ்சு. எட்டு பேரும் கடைசி பெஞ்சுல ஒண்டிக்கிட்டாங்க. முன்னாடி வாங்கன்னு கெஞ்சினேன், ஒருத்தரும் அசையலை. தொழில் புத்தி, பின்னாடியே இருந்து பழகிப் போச்சு. கடைசியில நானும் அங்க போய் உக்காந்து, காலி பெஞ்சுங்களைப் பாத்துத் தலைமையுரை ஆத்தினேன்.

ஸ்ரீமுஷ்ணத்துலேருந்து வர்ற சேகர் தம்பிதான் செயலாளர். முன்னாடி அச்சகத்துல ப்ரூஃப் பாத்தவரு, கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுற பொறுப்பும் அவருக்குத்தான். மறு வாரம் எழுதிக் கொண்டாந்தாரு. படிச்சா எனக்குத் தலை சுத்துது. கூட்டம் ஆட்சேபணையில ஆரம்பிக்குது. அப்புறம் காபி, அப்புறம் சந்தா, அப்புறம் நன்றியுரை, அதுக்கும் அப்புறம் வரவேற்புரை. மனுஷன் மொத்தக் கூட்டத்தையும் அகர வரிசையில அடுக்கி வெச்சிருக்காரு! "ஏன் தம்பி, நடந்தது நடந்தபடி எழுதக் கூடாதா?"ன்னேன். அவருக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. "நடந்தபடி எழுதுனா அப்புறம் எப்படிக்கா தேடுறது?"

உப்பு

அஞ்சாறு வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. ஒருநாள் புதுச்சேரிக் கம்பெனி மேனேஜர் போன் பண்ணாரு. இனிமே இண்டெக்ஸை சாஃப்ட்வேரே போட்டுடும், உங்களுக்கு அனுப்புறது குறைஞ்சுடும்னாரு. பொழப்பு போச்சேன்னு நெனச்சேன். ஆனா அது எப்படித்தான் போடுதுன்னு பாத்துடணும்னு ஒரு ஆசையும் வந்துச்சு. ஒண்ணை அனுப்பி வைங்கன்னு கேட்டு வாங்கினேன்.

அது ஒரு சமையல் புஸ்தகம். உப்புக்கு நேரா, உப்பு போடுற அத்தனை பக்கமும் வரிசையா வந்திருக்கு. ஒண்ணு கூட விடலை! நானாயிருந்தா நாலஞ்சு எடம் விட்டிருப்பேன், நெஜமாவே பிரமிப்பா இருந்துச்சு. ஆனா உப்பைப் பத்தி எங்க சொல்லியிருக்குன்னு தேடுறவன் அந்த வரிசையில மாட்டினா, புஸ்தகம் பூரா அலைய வேண்டியதுதான். சிரிச்சுக்கிட்டே மேனேஜருக்குப் போன் போட்டு, "சார், இதை வெச்சு யாரு எதைக் கண்டுபிடிக்கிறது?"ன்னு கேட்டேன். அவரு சிரிக்கலை. "தெரியும் மேடம். ஆனா அது லீவு கேக்காது."

சங்கத்தின் எதிர்காலம்

அவசரக் கூட்டம் போட்டேன். போர்டுல "சங்கத்தின் எதிர்காலம்"னு கொட்டை எழுத்துல எழுதி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியா இருந்துச்சு. அந்த வருஷம் கரண்ட் இருக்குற நேரத்தைத்தான் விரல் விட்டு எண்ணணும். மத்தியான வெயில், ஃபேன் இல்லை, ஆளாளுக்கு அஜெண்டா பேப்பராலயே விசிறிக்கிட்டிருந்தாங்க.

குமராட்சிப் பக்கத்துலேருந்து மினி பஸ்ஸுல வர்ற கலைவாணி எங்கள்லயே கெட்டிக்காரி. ரெண்டு புள்ளைங்க. வீட்டுக்காரருக்கு நடவு, அறுப்பு சமயத்துல மட்டும்தான் வேலை. கொள்ளிடத்துல வெள்ளம் வந்தப்ப கம்ப்யூட்டரைப் பரண்ல ஏத்திட்டு, பள்ளிக்கூடத்து முகாமுல உக்காந்து பேப்பர்ல எழுதியே அடைவை முடிச்சுக் குடுத்தவ. அவ அன்னைக்கு எழுந்திருச்சு, வேலை இப்படியே போனா திருப்பூருக்கு, அண்ணி இருக்குற பனியன் கம்பெனிக்குப் போயிடுவேன்னா. புள்ளைங்க? மாமியார்கிட்ட விட்டுட்டுத்தான்னா.

"சங்கம்னு ஒண்ணு இருக்கும்போது நீ எதுக்குடி போகணும்? தமிழ்ப் புஸ்தகத்துக்கெல்லாம் அடைவு போட வெச்சுடுவோம்!"னு வீராப்பாச் சொல்லிட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. அவ மட்டும் தட்டலை. "போடுறதுக்கு நாம இருக்கோம். யாருக்குக்கா வேணும்?"

நாலு காலிப் பக்கம்

சிதம்பரத்துல ஊர் வரலாறு, கோயில் வரலாறுன்னு புஸ்தகம் போடுற ஒரு பதிப்பாளர் இருக்காரு. கலைவாணியைக் கூட்டிக்கிட்டு அவர்கிட்ட போனேன். காபி வாங்கிக் குடுத்து, பொறுமையா எல்லாத்தையும் கேட்டாரு. "தமிழ் வாசகர் பின்னாடி பாக்க மாட்டாரும்மா. யாரும் நடக்காத வாசல்ல கோலம் போடச் சொல்றீங்க"ன்னாரு. அந்தக் கடலூர் கிளார்க்கை இழுத்துட்டு வந்து நிறுத்தலாமான்னு தோணுச்சு. ஆனா அவருக்கு நான்தானே திருப்பிக் காமிச்சேன், அது கணக்குல வராது.

நாங்க எழுந்திருக்காம உக்காந்திருக்குறதைப் பாத்து மனசு எளகிட்டாரு. கடலூர்க் கரையோர ஊருங்களைப் பத்தி ஒரு புஸ்தகம் அச்சுக்குத் தயாரா இருந்துச்சு. கடைசித் தாளை மடிச்சா நாலு பக்கம் காலியா நிக்குதாம். "எப்படியும் வெள்ளையாப் போற பக்கம். போட்டுக்குங்க. கடலூர்ல புத்தகக் கண்காட்சி வருது. தானா பின்பக்கம் திருப்பித் தேடுற வாசகர் ஒருத்தரை, ஒரே ஒருத்தரை, கண்ணுல காட்டுங்க. என் புஸ்தகம் அத்தனைக்கும் நீங்கதான். காட்டலைன்னா இந்தப் பேச்சையே விட்டுடணும்."

வீட்டுக்குள்ள ஒரு சோதனை

கண்காட்சி வர்ற வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளலை. ஜனங்க புஸ்தகத்துல எப்படித்தான் தேடுறாங்க? எங்க வீட்டுக்காரரையே பிடிச்சேன். அந்தப் பதிப்பாளர் போட்ட அடைவில்லாத பழைய புஸ்தகம் ஒண்ணைக் கையில குடுத்து, "ஸ்ரீமுஷ்ணம் கோயில் பத்தி எங்க வருதுன்னு பாருங்க, எவ்ளோ கஷ்டம்னு தெரியும்"னேன். காலை டிபனுக்கு அப்புறம் உக்காந்தவரு, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா "இரு இரு"ங்குறாரு. சாயந்திரம் போய், "கெடச்சுதா?"ன்னேன்.

"ஸ்ரீமுஷ்ணமா? அது எப்பவோ வந்து போச்சே! அதுக்கு அப்புறம் ஒரு உப்பளத்துச் சண்டை வருது பாரு..."ன்னு ஆரம்பிச்சவரு நிறுத்தவே இல்லை. நான் தலையில கையை வெச்சுக்கிட்டேன். அவரு என்னைச் சமாதானப்படுத்துறதா நெனச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னாரு. "உன் அடைவு மட்டும் இருந்திருந்தா, இந்தப் புஸ்தகத்தை நான் படிச்சிருக்கவே மாட்டேன்!"

தைரியமா அமுக்குங்க

நாலு பக்கத்துல ஒரு கரையையே அடைக்கணும். கலைவாணி ராப்பகலா உக்காந்தா. ஒவ்வொரு மீனவக் குப்பத்துக்கும் கோயில், படகு, பஞ்சாயத்து, புயல்னு அஞ்சாறு வரி வந்துச்சு. கூட்டிப் பாத்தா பத்துப் பக்கத்துக்கு மேல நிக்குது. பதிப்பாளர் அஞ்சாவது பக்கம் தர முடியாதுன்னுட்டாரு.

எங்க தொழில்ல "பார்க்க"ன்னு ஒரு வசதி உண்டு. சின்னப் பேருக்கு நேரா பக்க எண்ணைப் போடாம, "பார்க்க: இன்ன பெரிய பேரு"ன்னு போட்டு அங்க அனுப்பி விட்டுடலாம். அஞ்சாறு வரி ஒரு வரியாச் சுருங்கிடும். குப்பத்தையெல்லாம் அப்படித்தான் பெரிய ஊருங்களுக்குக் கீழ சேத்தோம். கலைவாணிக்கு மனசே இல்லை, ஒவ்வொண்ணுக்கும் உச்சுக் கொட்டினா. சேகர் தம்பிதான் தேத்தினாரு. "அந்தக் குப்பத்துலேருந்து யாருக்கா வந்து புஸ்தகம் வாங்கப் போறாங்க? தைரியமா அமுக்குங்க."

பின்பக்கம் பாத்த முதல் ஆள்

கடலூர்ல ஒரு பள்ளிக்கூட மைதானத்துல கண்காட்சி. பதிப்பாளர் ஸ்டால்ல, அட்டைப்பெட்டிங்களுக்குப் பின்னாடி நானும் கலைவாணியும் சிஐடி மாதிரி உக்காந்துட்டோம். அடேயப்பா, ஒரு புஸ்தகத்தை வெச்சுக்கிட்டு ஜனங்க என்னென்ன செய்யிறாங்க! மொதல்ல வெலையைப் பாக்குறாங்க. முகர்ந்து பாக்குறாங்க. கையில தூக்கி எடை பாக்குறாங்க. ஒருத்தரு விசிறிக்கிட்டாரு. ஒரு அம்மா, தூங்குற குழந்தைக்கு வெயில் படாம மறைச்சுக்கிட்டாங்க. கடைசிப் பக்கத்துக்கு மட்டும் ஒருத்தரும் வரலை.

கண்காட்சியும் முடியப் போவுது. கலைவாணி அந்த வாரம் திருப்பூருக்குக் கிளம்புறதா அண்ணிகிட்ட சொல்லிட்டா. எனக்கு அவ மூஞ்சியைப் பாக்கவே தைரியம் இல்லை. அப்பத்தான் வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தரு வந்தாரு. எங்க புஸ்தகத்தை எடுத்தாரு. நேரா பின்பக்கத்தைத் திருப்பினாரு! நான் கலைவாணி கையை நசுக்கிட்டேன். அந்தாளு பக்கத்தை விரிச்சாரு, குனிஞ்சு பாத்தாரு, புஸ்தகத்தோட முதுகை ரெண்டு இழு இழுத்தாரு. பதிப்பாளர் எங்க பக்கம் திரும்பினாரு. "ரொம்ப சந்தோஷப்படாதீங்கம்மா. அவரு நம்ம பைண்டரு, தையல் பிரியுதான்னு பாக்குறாரு."

ஊரைத் தேடி வந்த அம்மா

கடைசி நாள். துறைமுகத்துல மீன் வியாபாரம் பண்ற ஒரு அம்மா, பொண்ணுக்கு பிளஸ் டூ கைடு வாங்க வந்தவுங்க, அட்டையில இருந்த படகைப் பாத்துட்டு நின்னாங்க. புஸ்தகத்தை எடுத்து முன்னாடி ரெண்டு தாளு பெரட்டிட்டு, என்னா நெனச்சாங்களோ, படக்குன்னு பின்னாடி திருப்பினாங்க. வெரலை வெச்சு மேலேருந்து கீழ வந்தாங்க. வெரலு நின்னுச்சு. மூஞ்சி மலர்ந்துச்சு. அடுத்த நிமிஷம் அந்த மூஞ்சி மாறிப் போச்சு. அவுங்க ஊர்ப் பேரை இங்க எழுத மாட்டேன், இன்னொரு சண்டைக்கு எனக்குத் தெம்பில்லை. அந்தப் பேருக்கு நேரா "பார்க்க: கடலூர் முதுநகர்"னு இருந்துச்சு.

நேரா பதிப்பாளர்கிட்ட போனாங்க. "என்னாங்க இது? எங்க ஊரு பேரைப் போட்டுட்டு, முதுநகர்ல போய்ப் பாருன்னு தொரத்தி விட்டிருக்கீங்க! அங்க போனா இருவது நம்பரு நிக்குது. எது எங்களுது, எது அவுங்களுதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" பதிப்பாளர் முழிச்சாரு. "பக்கம் பத்தலைம்மா"ன்னாரு. அந்தம்மா புஸ்தகத்தை முன்னாடி திருப்பி அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டுனாங்க. "எங்க ஊருக்கு ஒரு வரிக்கு எடமில்லை. உங்க போட்டோவுக்கு முழுப் பக்கம் இருக்குதா?"

பதிப்புரைக்குப் பக்கத்துல, மாலையும் கழுத்துமா அவரு படம். அவரு அதைப் பாத்தாரு, அந்தம்மாவைப் பாத்தாரு, எங்களைப் பாத்தாரு. "சொன்னது சொன்னதுதாம்மா. என் புஸ்தகம் எல்லாத்தையும் எடுத்துக்குங்க. அடுத்த பதிப்புல என் படத்தையும் எடுத்துடுங்க"ன்னாரு. அந்தம்மா புஸ்தகத்தை வாங்காமப் போகலை, ஆனா பைக்குள்ள வெக்கிற வரைக்கும் திட்டிக்கிட்டேதான் வெச்சாங்க. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. திரும்பிப் பாத்தா, கலைவாணி அட்டைப்பெட்டி மேல உக்காந்து, கண்ணைத் தொடச்சுக்கிட்டே திருப்பூருக்குப் போன் பேசிக்கிட்டிருக்கா. "அண்ணி, நான் வரலை. இங்க ஒரு அம்மா எங்க வேலையைக் கிழி கிழின்னு கிழிச்சுட்டுப் போறாங்க. இனிமே வேலை ஜாஸ்தி."

ஆகையினால சக தலைவர்களே, தலைவிகளே, உங்க சங்கத்துக்கு எதிர்காலம் இருக்கான்னு தெரியணும்னா பொன்னாடை போத்த எத்தனை பேர் வர்றாங்கன்னு எண்ணாம, வந்து திட்டுறதுக்கு ஒரு ஆளாவது இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க.