படுக்கைக்கு அடியில் எர்த் குழி

வடலூர் தைப்பூசத்துக்குப் போன மாமா, செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு நெய்வேலி திரும்பினாரே, அந்த வருஷம்தான். புதுசாக ரப்பர் செருப்பு வாங்கினார். இன்றைக்கும் அந்தச் செருப்பை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா கரண்ட் தயாரிக்கிற இடத்தில் பெர்மனென்ட். குவார்ட்டர்ஸ் அவருடையது. என் அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட். மாமா வீட்டுத் தோட்டத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அப்படிப் போடக்கூடாது என்பது சட்டம். போடாத வீடு எங்கள் பிளாக்கில் இல்லை. பக்கத்து வீட்டுக் கொட்டகையில் எருமையே இருந்தது. அதை விடுங்கள்.

கோடையில், கிரைண்டரைத் தொட்டாலே அத்தைக்கு ஷாக் அடித்தது. ஒரு நாள் மாவு வழிக்கும்போது ஆளையே தூக்கிப்போட்டது. மாமா ஒரு பல்பை மாட்டி, ஒரு வயரைக் கரண்டிலும் இன்னொன்றை, ஷாக்கை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த்திலும் வைத்துப் பார்த்தார். பல்பு சாகிற மின்மினி மாதிரி எரிந்தது.

"எர்த் செத்துப்போச்சி." செருப்பைக் கழற்றி அத்தை முன்னால் தள்ளினார். "இதப் போட்டுக்கினு அரை."

எப்போதும் 'ங்க' போட்டுப் பேசுகிற அத்தை அன்றைக்கு அதை விட்டுவிட்டாள்.

"அடுப்பங்கரையில செருப்பா? ஊருக்கே கரண்ட் குடுக்கிற ஆளு, பொண்டாட்டிக்குச் செருப்பக் குடுக்கிற. போய் கம்ப்ளெய்ன்ட் குடுய்யா."

"வந்தா மொதல்ல கொட்டாயத்தான் பிரிப்பானுங்க. எர்த் குழி அதுக்கு அடியிலதான் கெடக்குது. என் தங்கச்சி ரோட்டுலயா படுப்பா?"

"அப்ப நான் செத்தா பரவால்ல?"

செருப்பு தோட்டத்தில் வந்து விழுந்தது. அம்மா அதை எடுத்து வாசலில் வைத்தாள். மறுநாள் கொட்டகைத் தரையைத் தட்டிப் பார்த்து, சத்தம் மாறிய இடத்தில் கடப்பாரையால் குத்தினாள். சரியாக நான் தலை வைத்துப் படுக்கிற மூலை. மழையே படாமல், எர்த் பிடிக்க ஈரமாக இருக்கவேண்டிய கரியும் உப்பும் காய்ந்து கிடந்தன. அதில் தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

"என் எடத்துல ஏம்மா ஊத்தற?" என்று கத்தினேன்.

"மூடிக்கினு அந்தாண்ட படு."

மாமா மறுபடியும் மாட்டிப் பார்த்தபோது பல்பு பளிச்சென்று எரிந்தது. அத்தை மாவரைத்து, முதல் ஈடு இட்லியை எங்களுக்குக் கொண்டுவந்தாள். நான் தொடவில்லை. ஈரத்தில் படுக்க வைத்துவிட்டு இட்லி வேறா என்று எனக்கு ஆத்திரம்.

கம்ப்ளெய்ன்ட் ஆபீஸ் அடுத்த தெருவில்தான். அத்தை யாருக்கும் பயப்படாதவள். கோடை முழுக்க ஷாக் வாங்கியவள், ஏன் ஒரு தடவையாவது தானே நடந்து போய்ச் சொல்லவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது என் மகன் வீடு கட்டி, எர்த் குழிமேல் டைல்ஸ் பதித்துக் காரை நிறுத்துகிறான். தண்ணீர் ஊற்ற வழி எங்கே என்று கேட்டால் சிரிக்கிறான். நான் சொன்னால் அவனுக்கு ஏறாது. அவனைப் பார்க்கிறவர்கள் நீங்களாவது சொல்லுங்கள்: உள்ளே கிரைண்டர் பக்கத்தில் என் மருமகள் வெறுங்காலோடு நிற்கிறாள்.