யாரும் சந்தேகம் கேட்காத வகுப்பு

போன குளிர்காலத்தில் டெல்லியில் நடந்தது இது. நான் ஒரு கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியை. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் முதலாண்டுக்காரர்களுக்கு மாலையில் பாடம் சொல்லித் தரும் ஏற்பாடு எங்களிடம் உண்டு. அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது நான்தான். அந்தப் பயிற்சி பலித்ததா என்று வகுப்பில் உட்கார்ந்து பார்த்து அறிக்கை எழுதுவதும் என் தலையில்தான் விழுந்தது. சரியில்லை என்று எழுதினால் சொல்லித் தருபவரை மாற்றிவிடுவார்கள்.

அன்று எனக்கு முதுகு வலி, போதாக்குறைக்குக் குளிர், வீட்டில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு வேறு. வகுப்பு என்னவோ ஜோராகப் போயிற்று. கணக்கை முடித்த மாணவன், நான் பயிற்சியில் சொன்னபடியே, சந்தேகம் உண்டா என்று கேட்டுப் பொறுமையாகக் காத்திருந்தான். யாருக்கும் ஒன்றும் இல்லையாம். அப்பாடா என்று மனதுக்குள்ளேயே நல்ல அறிக்கை எழுதிவிட்டு மெட்ரோ ஏறினேன்.

மயூர் விஹார் போகும் வண்டியில் வீட்டுக்குப் போன் பேசி முடித்ததும், பக்கத்தில் நின்ற பெண் திரும்பினாள். அந்த வகுப்பில் முன்வரிசையில் இருந்தவள்.

"மேடம், நீங்களும் தமிழா? பையாவுக்கு, அதான் எங்களுக்குச் சொல்லித் தர்ற அண்ணாவுக்கு, அச்சா ரிப்போர்ட்தானே குடுப்பீங்க?"

"குடுப்பேன். ஏன் கேக்கற?"

"இன்னைக்கு யாரும் டவுட் கேக்கலை மேடம். கேட்டா, பையா சரியா சொல்லித் தரலைன்னு எழுதிடுவீங்கன்னு எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டோம். கடைசிக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை. அடுத்த வாரமும் வருவீங்களா?"

"ஏம்மா?"

"நீங்க வராத அன்னைக்குக் கேட்டுக்கலாம்னுதான்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததெல்லாம் எனக்காகப் போட்ட நாடகம்! ரொம்ப அலுத்துப்போனேன்.

அடுத்த வாரம் நான் உள்ளே போகவில்லை. வராந்தா பெஞ்சில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் சந்தைக்கடை இரைச்சல். "பையா, ஏக் பார் அவுர்!" என்று இன்னொரு தடவை சொல்லச் சொல்லி யாரோ கத்தினார்கள். குரல் கம்மும்வரை அதே கணக்கை விதவிதமாகச் சொல்லிப் பார்த்தான் அவன். ஓரிடத்தில், இது எனக்கே தெரியவில்லை, படித்துவிட்டு நாளை சொல்கிறேன் என்றான். அதை நான் பயிற்சியில் சொல்லித் தந்ததே இல்லை. அந்த இரைச்சலை நம்பித்தான் அறிக்கை எழுதினேன். அவனை யாரும் மாற்றவில்லை.

இன்றும் களைத்துப்போய் பாடத்தை முடித்து, புரிந்ததா என்று நான் கேட்கும்போது எல்லாத் தலைகளும் சேர்ந்தாற்போல் ஆடினால், நிஜமாகவே புரிந்துவிட்டதா அல்லது என்மேல் இரக்கப்படுகிறார்களா என்ற நினைப்பில், கீழே வைத்த சாக்பீஸை மறுபடி கையில் எடுக்கிறேன்.